ஒப்பம் வைக்க முன்னம் ஓர் இரவு: யாழ்ப்பாணக் கந்தோர்ப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ். மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், வைத்தியசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், வங்கிக் கிளைகள் ஆகியவற்றில் ஆட்களுக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

கருமபீடத்தில் வரிசையில் நிற்பவருக்கும் உத்தியோகத்தருக்கும் இடையில் ஒரு சத்தம் வெடித்தால் அதற்குப் பிறகு நடப்பது அநேகமாக எல்லாக் கந்தோரிலும் ஒரே மாதிரித்தான். 10 மணிக்குச் சத்தம். பத்தேகாலுக்கு 'உள்ளுக்கு வரச் சொல்லு'. 11 மணிக்கு விளக்கம் கோரல் கடிதம் தட்டச்சாகி, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் ஒப்பமும் வைத்தாயிற்று. பின்னேரம் ஊழியர் வாட்சப் குழுவில் பெயர் குறிப்பிடாத ஒரு குத்தல். அதற்கு யாரோ ஒருவரின் பெருவிரல். அடுத்த நாள் அந்த உத்தியோகத்தர் அரை நாள் லீவு. அவருடைய கதிரையில் அந்த வேலை பழகாத இன்னொருவர். வரிசை நீளுகிறது. திரும்பவும் சத்தம்.

அந்த 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் என்ன செய்யலாம் என்பதுதான் இந்த மடல். 'பொறுமையாக இருங்கள்' என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்லுகிற செயலமர்வுகள் போதுமானளவு நடந்துவிட்டன. தேத்தண்ணியும் ரோல்ஸும் நன்றாகத்தான் இருந்தன.

எங்கள் வாதம் இதுதான்: நிதானத்தை ஆளின் சுபாவத்தில் தேடுவதை விட்டுவிட்டு, கந்தோரின் ஒழுங்கில் தேடுங்கள். பழைய கோவை முறையை எண்ணிப் பாருங்கள். ஒரு முறைப்பாடு வந்தால் விடயத்துக்குப் பொறுப்பான லிகிதர் குறிப்புத்தாளில் விபரம் எழுதி, வரைவு ஒன்றை வைத்து, பிரதம லிகிதரின் மேசைக்கு அனுப்புவார். அவர் ஒரு சொல்லை வெட்டி, ஒரு சொல்லைச் சேர்த்து மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் மறுநாள் காலை ஒப்பம் வைப்பார். அந்தத் தாமதத்தைத் திட்டாத ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை. 'கச்சேரிக்குப் போன கோவை' என்பதே ஒரு பகிடிதான். ஆனால் அந்த மெதுவுக்குள் மூன்று பேரின் வாசிப்பும் ஓர் இரவின் தூக்கமும் இருந்தன. கோவையைத் தொலைபேசிக்கு மாற்றியபோது தாமதம் போனது, அதோடு அந்த இரவும் போய்விட்டது. போய்விட்ட அந்த இரவுக்குப் பதிலாக வேறெதையும் நாங்கள் வைக்கவில்லை.

உடம்பு விடயம் முதலில், சுருக்கமாக. சீண்டப்பட்டவுடன் நெஞ்சு படபடக்கும், குரல் ஒரு படி உயரும், எதிரே இருப்பவர் சொல்வதில் பாதிதான் காதில் ஏறும். இந்தப் படபடப்பு இறங்கப் பொதுவாக 20 நிமிடமாவது வேண்டும். மனத்துக்குள் அதையே உருட்டிக்கொண்டிருந்தால் இன்னும் கூட. டோல்ப் சில்மான் என்ற ஆய்வாளர் 1970களில் காட்டியது ஒன்று உண்டு: முதல் சீண்டலில் ஏறியது முழுதாக வடிய முன்னம் அடுத்த சீண்டல் வந்தால், பழைய மிச்சமும் புதிய ஆளின் கணக்கில் விழும். வரிசையில் முதலாவதாக நின்றவர் மூட்டிவிட்டுப் போன நெருப்பு மூன்றாவதாக நிற்கும் கிழவியைச் சுடுவது இதனால்தான். அந்த மூன்றாவது ஆளின் முறைப்பாடுதான் உங்கள் மேசைக்கு வருகிறது. முதலாவது ஆள் யாரென்று எவருக்கும் நினைவிருக்காது.

ஆகவே சூடான ஒரு வாக்குவாதம் முடிந்தவுடன் அந்த உத்தியோகத்தரை அதே கதிரையில் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட விடாதீர்கள். 20 நிமிடம் பின்னால் இருந்து பதிவேடு எழுதட்டும், கோவை அடுக்கட்டும். இதைத் தண்டனை போலச் செய்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. 'எழும்பிப் பின்னாலை போங்கோ' என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் படபடப்பு இரண்டு மடங்காகும். கடமைப் பட்டியலிலேயே ஒவ்வொரு கருமபீடத்துக்கும் மாற்றாள் ஒருவரின் பெயர் இருக்கவேண்டும். அவர் வந்து பக்கத்தில் நின்றால் அதற்கு அர்த்தம் 'மாறுவம்' என்பது. கேள்வி இல்லை, விளக்கம் இல்லை.

முகத்தில் காட்டாமல் விழுங்கச் சொல்வதும் உதவாது. உளவியலாளர் ஜேம்ஸ் குரோஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களிலிருந்து செய்த ஆய்வுகளில், உணர்ச்சியை முகத்தில் மறைத்தவர்களுக்கு உள்ளே படபடப்புக் குறையவில்லை. அந்த நேரம் சொல்லப்பட்ட விபரங்களையும் அவர்கள் குறைவாகத்தான் நினைவில் வைத்திருந்தார்கள். கருமபீடத்தில் இது எப்படித் தெரியும்? உத்தியோகத்தர் கல்லுப் போல இருப்பார். இரண்டு நிமிடம் கழித்து, 'என்ன இலக்கம் சொன்னீங்கள்?' என்று கேட்பார். எதிரே இருப்பவருக்கு அது, 'நான் கத்தினதை இவர் கேக்கவே இல்லை' என்று படும். அடுத்த சுற்று அங்கே தொடங்கும். பிறகு பதிவேட்டில் பிறந்த திகதி பிழைத்திருக்கும்.

விழுங்குவதைவிடப் பெயர் வைப்பது நல்லது. நாங்கள் எல்லாவற்றுக்கும் 'விசர் வருது' என்று ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். அந்த விசருக்குள் பசி இருக்கலாம், புழுக்கம் இருக்கலாம், எரிச்சல், அவமானம், பயம், வீட்டில் விட்டுவந்த காய்ச்சல்காரப் பிள்ளையின் நினைப்பு, எதுவும் இருக்கலாம். மத்தியூ லீபர்மன் குழுவினர் 2007இல் மூளைப் படமெடுப்பு மூலம் காட்டியது, உணர்ச்சிக்குச் சொல் ஒன்றைப் பொருத்தும்போது மூளையின் அபாயமணிப் பகுதியான அமிக்டலாவின் வேகம் குறைகிறது என்பது. வேலைத்தளத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. பசியென்றால் பிஸ்கட்டும் பிளேன்ரீயும் போதும். அவமானமென்றால் பிளேன்ரீ ஒன்றும் செய்யாது, யாராவது அவரை மரியாதையாக ஒரு வார்த்தை கேட்கவேண்டும். பயமென்றால் சுற்றறிக்கையை எடுத்துக் காட்டி, 'நீங்கள் செய்தது சரிதான்' என்று சொல்லவேண்டும். பெயர் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

தேத்தண்ணி அறைக் கூட்டம் பற்றியும் சொல்லவேண்டும். சண்டை முடிந்தவுடன் ஐந்தாறு பேர் கூடி, 'அவன் அப்பிடிக் கேட்டவனே?', 'நானெண்டா விட்டிருக்க மாட்டன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லி ஆற்றுவதாக நினைப்பார்கள். ஆறாது. பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டு குத்துப்பையில் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. தேத்தண்ணி அறை எங்கள் குத்துப்பை. நடந்ததை ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தடவை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, 'இனி இதிலை நான் செய்ய வேண்டியது என்ன?' என்ற கேள்வியோடு முடித்தால் போதும். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். ஊதிவிடுகிற ஆளாக இருக்கக்கூடாது.

இனிக் கருமபீடம்.

அங்கே இடைவெளி என்றால் நிமிடக் கணக்கில்லை, 15 செக்கன், 20 செக்கன். அந்தச் செக்கன்களை எதிரே நிற்பவருக்கு மரியாதையாகத் தெரியும்படி எடுக்கவேண்டும். மிகச் சுலபமான வழி, கடதாசி. 'தாங்கோ, ஒருக்காப் பாப்பம்' என்று படிவத்தைக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை வைத்து வாசிக்கவேண்டும். வாசிக்கும்போது மூச்சை 4 செக்கன் உள்ளே, 6 செக்கன் வெளியே விடவேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற இந்த வேகத்தில் இதயத் துடிப்பு இலகுவாக இறங்கும். மூச்சு மூக்கால் போகவேண்டும். வாயால் 'உஸ்ஸ்' என்று விட்டால் அது சலிப்பு என்று எதிரே நிற்பவர் எடுத்துக்கொள்வார், அவருடைய எடுகோளிலும் பிழையில்லை.

வாசித்து முடிந்ததும் அவர் வந்த காரியத்தை ஒரே வரியில் திருப்பிச் சொல்லவேண்டும்: 'அப்ப, அம்மா, உங்கட அஸ்வெசும உதவிப்பண மேன்முறையீட்டுக்கு என்ன நடந்தது எண்டு தெரியவேணும், அப்பிடித்தானே?' இதற்குப் பிறகுதான் விதி. விதியை முதலிலும் கேட்டதைப் பிறகும் வைப்பதுதான் எங்கள் கருமபீடங்களில் அடிக்கடி நடக்கும் பிழை. 'சுற்றறிக்கையிலை இப்பிடித்தான் கிடக்கு' என்பது உண்மையாக இருந்தாலும், வாய் திறக்க முன்னம் அதைக் கேட்ட ஆளுக்கு அது கதவைச் சாத்துகிற சத்தம்.

முடியாது என்று சொல்லவேண்டி வந்தால் மூன்று விடயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: என்ன குறைகிறது, அதை எங்கே எடுப்பது, திரும்பி வந்தால் யாரைக் கேட்பது. அதை ஏ4 தாளின் கால்வாசித் துண்டில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னது வாசல்படி தாண்ட முன்னம் மறந்துவிடும். கோபத்தில் இருப்பவருக்கு இன்னும் கெதியாக மறந்துவிடும். துண்டு இல்லாவிட்டால் நாளைக்கு அவர் இன்னொரு கடதாசியை விட்டுவிட்டு வருவார், அப்போது இரு பக்கமும், 'நான் நேற்றுச் சொன்னனான் தானே', 'நீங்கள் சொல்லேல்லை' என்று நிற்பார்கள்.

நெடுந்தீவிலிருந்து மாவட்டச் செயலகத்துக்கு வருபவரை எண்ணிப் பாருங்கள். படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம், பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேடவேண்டும். அவருக்கு 'நாளைக்கு வாங்கோ' என்றால் இன்னொருக்கால் கடல் கடந்து வா என்றுதான் அர்த்தம். கதவடியில் இலக்கம் கொடுப்பவர், 'எங்கையிருந்து வாறீங்கள், எத்தனை மணிக்குப் படகு?' என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதிச் சத்தம் பிறக்காது. இலக்கம் கொடுப்பதிலும் கணக்கு வேண்டும். ஓர் ஆளுக்கு 8 நிமிடம் பிடிக்கும் வேலையென்றால், 9 மணியிலிருந்து 12 மணி வரை ஒரு கருமபீடத்தில் 22 பேரைத்தான் பார்க்கலாம். 20 இலக்கம் மட்டும் கொடுத்துவிட்டு, 21ஆவது ஆளுக்குக் காலை ஒன்பதேகாலுக்கே, 'உங்களை 1 மணிக்குப் பிறகுதான் பாக்க ஏலும்' என்று சொல்லிவிடுங்கள். அதே செய்தியை அவருக்கு 11.55க்குச் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடதாசி இல்லாதவரிடம் கேட்கிற கேள்வியும் கவனத்துக்குரியது. 'ஏன் இவ்வளவு காலமும் எடுக்கேல்லை?' என்ற கேள்வி வேறு ஊரில் சாதாரணமாக இருக்கலாம். இங்கே 1995இல் வலிகாமத்தை விட்டு இறங்கியபோதும் 2009இல் வன்னியிலும் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த 'ஏன்' அவர்களுக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். 'கடைசியா எப்ப உங்கட கையிலை இருந்தது?' என்று கேளுங்கள். தேவையான தகவல் அதிலேயே வந்துவிடும், பிரதி எடுக்கும் வழியும் தெளிவாகிவிடும்.

சொல் விடயத்தில் இன்னொன்று, எங்கள் ஊருக்கே உரியது. எங்களுக்கு 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவில் 'நீர்' இருக்கிறது. அது கூட்டாளிக்கும் வயது குறைந்தவருக்கும் பாசமாகச் சொல்வது. ஆனால் 'நீங்கள்' என்று தொடங்கிய உரையாடல் நடுவில் 'நீர்' ஆனால், அது ஒரு படி இறக்கம். 'உங்களுக்கு விளங்குதா?' என்பது 'உமக்கு விளங்கேல்லையே?' ஆனால் அவ்வளவுதான், காரியம் கெட்டது. பேசுபவருக்கு இந்த மாற்றம் தெரிவதில்லை, கேட்பவருக்குப் பளிச்சென்று தெரியும். எனவே உங்கள் ஆட்களுக்கு இதையே எச்சரிக்கை மணியாகப் பழக்குங்கள்: வாயில் 'நீர்' வந்தால் உடனே நிறுத்து, கடதாசியைக் கையில் எடு. 'கோபப்படாதேங்கோ', 'சத்தம் போடாதேங்கோ' என்ற இரண்டையும் கருமபீடத்திலிருந்து முற்றாக எடுத்துவிடலாம். அவற்றைக் கேட்டுக் கோபம் தணிந்த மனிதர் யாரும் இல்லை. பெயர் தெரியாவிட்டால் ஐயா, அம்மா, அண்ணை, தங்கச்சி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். 'ஏய்', 'இஞ்சை' வேண்டாம்.

இந்த மாதிரிப் பழக்கங்கள் 'இனிக் கோபப்பட மாட்டேன்' என்ற தீர்மானத்தால் வராது, அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய முறை, 'இப்படி நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்று சந்தர்ப்பத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போடுவது. ஒவ்வொருவரும் தன்னைக் கிளப்புகிற மூன்று வசனங்களை எழுதட்டும். யாழ்ப்பாணத்தில் அதில் முதலாவது அநேகமாக, 'எங்கட காசிலைதானே உங்களுக்குச் சம்பளம்?' என்பதாக இருக்கும். அதற்கு எதிரே: 'இதைக் கேட்டால் நான் படிவத்தைக் கையில் எடுத்து முதல் வரியிலிருந்து வாசிப்பேன்.' மூன்றுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது. தாளை மேசைக் கண்ணாடிக்குக் கீழே, தனக்கு மட்டும் தெரியும்படி வைக்கட்டும்.

எல்லை ஒன்றும் வேண்டும். தூசணத்தால் பேசினால் உத்தியோகத்தர் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. 'நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன், இந்தச் சொல்லோடை கேக்க ஏலாது' என்று ஒரு தடவை சொல்லலாம். தொடர்ந்தால் எழுந்து உங்களிடம் வரலாம். அப்போது நீங்கள் செய்வதில்தான் முழுக் காரியமும் தங்கியிருக்கிறது.

பொறுப்பாளர்கள் அந்த நேரத்தில் செய்கிற பிழைகள் இரண்டு. ஒன்று, வெளியே வந்து சனத்துக்கு முன்னால் உத்தியோகத்தரை ஏசுவது. மற்றது, உத்தியோகத்தர் முடியாது என்றதை அந்த இடத்திலேயே செய்து கொடுப்பது. இரண்டாவது பெருந்தன்மையாகத் தோன்றும், ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்துப் படித்துக்கொள்வார்கள்: இங்கே கத்தினால் நடக்கும். அடுத்த பொதுமக்கள் தினத்தில் கத்துகிறவர்கள் கூடியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். முறையாகச் செய்வதென்றால், வந்தவரை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தண்ணீர் கொடுத்து, அவர் சொல்வதை எழுதுங்கள். எழுதுவதைக் கண்டால் அவருடைய வேகம் தானாகக் குறையும். பிறகு உத்தியோகத்தரைத் தனியாகக் கேளுங்கள். முடிவு மாறவேண்டியிருந்தால் மாற்றுங்கள், ஆனால் மாறிய முடிவை அந்த உத்தியோகத்தரின் வாயாலேயே சொல்ல விடுங்கள். நாளைக்கும் அந்தக் கதிரையில் அவர்தானே இருக்கப்போகிறார்.

இனி எழுத்து. இதில்தான் உங்களோடு கொஞ்சம் வாதாட இருக்கிறது.

முதலில் குறிப்பிட்ட அந்த 11 மணிக் கடிதம் அநேகமாக இப்படி இருக்கும்: 'தாங்கள் 06.05 அன்று பொதுமக்கள் முன்னிலையில் மிகவும் அநாகரிகமாகவும் பொறுப்பற்ற விதத்திலும் வேண்டுமென்றே நடந்துகொண்டு இவ்வலுவலகத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியமை தொடர்பில் 24 மணித்தியாலத்துக்குள் விளக்கமளிக்கவும்.'

இதில் விளக்கம் கேட்கப்படவில்லை, தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. 'வேண்டுமென்றே' என்ற சொல்லை நிரூபிக்க வேண்டியவர் ஒப்பமிட்டவர். 'அநாகரிகம்' என்றால் என்ன சொன்னார், யார் கேட்டார் என்று ஒன்றும் இல்லை. கடிதம் பெற்றவர் நடந்ததைப் பற்றி எழுதமாட்டார், அந்தச் சொற்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவார், தொழிற்சங்கத்துக்குப் பிரதி போடுவார். அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் 48ஆம் அத்தியாயம் ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், பதில், முறைசார் விசாரணை என்று ஒழுக்காற்று நடவடிக்கையைப் படிப்படியாக வைத்திருக்கிறது. முதல் படியில் ஏற முன்னமே கடைசிப் படியை எழுதிவிட்ட கடிதம் கோவையில் கிடந்தால், பின்னால் வரும் விசாரணை முழுவதும் அதன் நிழலில்தான் நடக்கும்.

அதே சம்பவத்தை மறுநாள் காலை எழுதினால் இப்படி வரலாம்: '06.05 அன்று மு.ப. 10.00 மணியளவில் 3ஆம் கருமபீடத்தில் சேவைபெறுநர் ஒருவருடன் உரத்த குரலில் வாக்குவாதம் நடைபெற்றதாக அறியக்கிடக்கிறது. அவ்வேளை அங்கு தாங்கள் கடமையில் இருந்ததாகக் கடமைப் பட்டியல் காட்டுகிறது. நடந்தவற்றை 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தரவும்.' இதற்குப் பதில் எழுதுபவர் நடந்ததைத்தான் எழுதமுடியும். வேறு பிடி அதில் இல்லை.

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அண்டைக்கே நடவடிக்கை எடுக்காட்டி ஆக்கள் பயப்படாயினம்' என்று சிலர் சொல்வார்கள். அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. விபரம் ஆறக்கூடாது, ஆறினால் மறந்துபோகும். ஆகவே சம்பவம் நடந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஐந்து வரி எழுதி வையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், யார் யார் நின்றார்கள், சொல்லப்பட்ட சொற்கள் அப்படியே என்ன, அதை யார் காதால் கேட்டார், சம்பந்தப்பட்ட கடதாசி எது. வரைவையும் அன்றைக்கே எழுதலாம். ஆறவேண்டியது ஒப்பம். வரைவைக் கோவைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து, பெயரடைகளையும் 'வேண்டுமென்றே', 'தொடர்ச்சியாக', 'எப்போதும்' போன்றவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவற்றை வெட்டுங்கள். பிறகு சம்பந்தமில்லாத ஒருவருக்கு, கணக்காளருக்கோ நிருவாக உத்தியோகத்தருக்கோ, வாசிக்கக் கொடுங்கள். 'எப்பிடி இருக்கு?' என்று கேட்காதீர்கள். கேட்டால், 'இன்னும் கடுமையா எழுதியிருக்கலாம், சேர்' என்றுதான் பதில் வரும். 'இதிலை நிரூபிக்க ஏலாதது எது?' என்று மட்டும் கேளுங்கள்.

ஆறப் போடுவது வேறு, ஊறப் போடுவது வேறு. ஆறப் போடுகிறவர் நேரம் சொல்லுவார். வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தால் அந்த ஆளைக் கூப்பிட்டு, 'இண்டைக்கு நான் ஒரு முடிவும் எடுக்கேல்லை, திங்கள் 10 மணிக்குக் கதைப்பம்' என்று சொல்லிவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், சனி ஞாயிறு இரண்டு நாளும் அவர் தன் தலைக்குள் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை உங்களுக்கு ஆறியிருக்கும், அவருக்குக் கொதித்துக்கொண்டிருக்கும்.

தகவலறியும் விண்ணப்பம் வந்தாலும் இதே கொதிப்பைச் சில கந்தோர்களில் காணலாம். 'ஆர் இந்த ஆள், ஏன் கேக்கிறார்?' என்று தொலைபேசியைத் தூக்குகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பதாரர் காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் முடிவைத் தெரிவிக்க 14 வேலை நாள் இருக்கிறது. சட்டமே ஆற நேரம் தந்திருக்கும்போது அன்றைக்கே கொதிப்பது வீண் வேலை.

வாட்சப் குழு, வைபர் குழு. எங்களைக் கேட்டால், இன்றைய கந்தோர்ச் சண்டைகளின் அடுப்படி அதுதான். ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் அனுப்பிய செய்தி பகிடியா மெய்யா என்று வாசிப்பவர் கண்டுபிடிப்பது கிட்டத்தட்டக் காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எழுதியவர்களோ தங்கள் தொனி தெளிவாக விளங்கும் என்று நம்பினார்கள். 'யார் இந்தக் கோவையை அனுப்பியது?' என்ற வரியை நீங்கள் தகவல் கேட்பதற்காகவே போட்டிருக்கலாம். இரவு 9.40க்கு அதைப் படுக்கையில் வாசிக்கிற பெண் பிள்ளைக்கு அது அதட்டல்.

ஒழுங்கு ஒன்று வையுங்கள்: ஆளின் பிழை குழுவில் போடப்படாது, அந்த ஆளுக்குத் தனியாகவும் வாட்சப்பில் போகாது, நேரில்தான். வேலை நேரம் முடிந்த பிறகு குழுவுக்குள் வெள்ளம், புயல் போன்ற அவசரங்கள் மட்டும். குரல் பதிவு கூடவே கூடாது. கோபக் குரல் அப்படியே பதிந்து, ஒரு தட்டலில் ஊர் முழுக்கப் போய்விடும். பதில் எழுதியே ஆகவேண்டுமென்றால் அந்தப் பெட்டிக்குள் எழுதாதீர்கள், விரல் தவறி அனுப்பிவிடும். தொலைபேசியின் குறிப்பேட்டில் எழுதுங்கள், மின்னஞ்சலென்றால் பெறுநர் பெயரைக் கடைசியாகப் போடுங்கள். அனுப்பியதை அழித்தாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று அங்கே கிடக்கும், முன்னறிவிப்பில் வாசித்தவர்கள் வாசித்ததுதான். அழித்த செய்திக்கு வருகிற கற்பனைகள் மூலச் செய்தியைவிட மோசமானவை.

மேலிருந்து உங்களுக்கு ஏச்சு வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து 'உடன்', 'இன்றே' என்று வரும். தொலைபேசியை வைத்தவுடன் அதே குரலில் கீழே இறக்கினால் அது பிரதம லிகிதர், லிகிதர், கந்தோர்ப் பணியாளர் என்று இறங்கி, கடைசியில் கருமபீடத்துக்கு வெளியே நிற்பவரில் முடியும். அரை மணித்தியாலம் உங்கள் மேசையில் வைத்திருங்கள். ஏச்சைக் கழற்றிவிட்டு என்ன வேலை, யார், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக் கீழே அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் ஆறப் போட முடியாது என்பதும் சரிதான். காசாளரின் பெட்டியில் பணம் குறைந்தால், விடுதியில் மருந்து மாறிக் கொடுபட்டால், யாராவது கையை ஓங்கினால் அந்தக் கணமே செயல் வேண்டும். அங்கே உதவுவது முன்கூட்டி எழுதி ஒட்டிவைத்த ஒழுங்கு. பணமென்றால்: கொடுக்கல் வாங்கலை நிறுத்து, இரண்டு பேர் சேர்ந்து எண்ணு, தொகையை எழுது, இருவரும் ஒப்பமிடு. 'ஆர் எடுத்தது?' என்ற கேள்வி அந்த ஒழுங்கில் எங்கேயும் இல்லை. மருந்தென்றால் நோயாளியைப் பார், வைத்தியரைக் கூப்பிடு, நேரத்தைப் போட்டுப் பதிவேட்டில் எழுது. பிழையை ஒப்புக்கொண்ட தாதியை அந்த இடத்திலேயே ஏசினால் அடுத்த பிழை உங்களுக்குத் தெரியவராது.

எங்கள் கேட்பு பெரிதல்ல. மூன்று மாதத்துக்கு, விளக்கம் கோரல் கடிதம் எதுவும் வரைந்த அன்றைக்கே ஒப்பமிடப்படாது என்று உங்கள் கந்தோருக்குள் ஒரு சுற்றுநிருபம் போடுங்கள். கடமைப் பட்டியலில் மாற்றாளின் பெயரைச் சேருங்கள். கால்வாசி ஏ4 துண்டுகளை ஒரு கட்டு வெட்டி ஒவ்வொரு கருமபீடத்திலும் வையுங்கள், செலவு ஒரு கட்டுத் தாள்தான்.

அதற்கு முன்னம் ஒரு வேலை. கடந்த வருடம் உங்கள் ஒப்பத்தோடு போன விளக்கம் கோரல் கடிதங்களில் ஐந்தைக் கோவையிலிருந்து எடுத்து, ஒரு பென்சிலோடு இருந்து, நிரூபிக்க முடியாத சொற்களை வட்டமிடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டே செய்யலாம். வேறு யாருக்கும் காட்டத் தேவையில்லை.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தில் ஊழியர் பயிற்சியிலும் உளவளத் துணையிலும் உள்ள சிலர்